ஒரே உடம்பில் இத்தனை கடிகாரம்: நைட் ஷிப்டில் எது முதலில் நழுவும்?

சிப்புட்வாசி:
மூளைக்கு ஒரு கடிகாரம், கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தனித்தனிக் கடிகாரம் என்கிறார்களே, இவற்றைச் சேர்த்து ஓட்டுவது எது? இங்கே மலேசியாவில் செம்பனை எண்ணெய் ஆலையில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி வாரம் வந்தாலே பலருக்கு வயிறு உப்புசம், சர்க்கரையும் ஏறிவிடுகிறது. ஏன்?

நுண்ணோக்கி:
நழுவுவது கல்லீரல் பக்கம். மூளைக் கடிகாரம் லேசில் அசையாது. கண் நரம்புகள் குறுக்கே வெட்டும் இடத்துக்கு மேல் சுமார் 20,000 நரம்பணுக்கள் உள்ள கொத்து அது. வெளிச்சம்தான் அதற்கு எஜமான், அதிலும் 480 நானோமீட்டரை ஒட்டிய நீலம். அங்கிருந்து மற்ற உறுப்புகளுக்கு நேரம் போவது கார்டிசால் ஹார்மோன், தன்னியக்க நரம்புகள், உடல் சூட்டின் ஏற்ற இறக்கம், சாப்பாட்டு நேரம் வழியாக.

ஒவ்வோர் உயிரணுவிலும் கிளாக், பிமல்1 புரதங்கள் பெர், கிரை மரபணுக்களை முடுக்கும். அதில் உருவாகும் புரதங்கள் திரும்பி வந்து முடுக்கியவற்றையே அடக்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின், பெர் புரதத்தைக் கூட்டும். ராத்திரி 2 மணிக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) உள்ளே போனால் கல்லீரலுக்கு அது பகல், மூளைக்கோ நடுநிசி. 2017-ல் 10 ஆண்களுக்குச் சாப்பாட்டை 5 மணி நேரம் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரையின் தாளம் 5.7 மணி நேரம் தள்ளிப்போனது, கொழுப்புத் திசுவில் பெர் மரபணுக்களில் ஒன்றான பெர்2-ன் தாளம் சுமார் 1 மணி நேரம். மூளைக் கடிகாரத்தைக் காட்டும் மெலட்டோனினும் (ராத்திரியில் சுரக்கும் ஹார்மோன்) கார்டிசாலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஷிப்ட்கணக்கு:
மூளைக் கடிகாரம் நாளுக்குச் சுமார் 1 மணி நேரம்தான் நகரும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் அது வந்து சேர்வதற்குள் வாரமே முடிந்துவிடும். அதை இழுப்பது வீண் வேலை. சாப்பாட்டைப் பகலிலேயே வையுங்கள்: ஷிப்டுக்கு முன் மாலை 6 மணிக்கு வயிறார, நள்ளிரவுக்கு மேல் தண்ணீர், சீனியில்லாத தேநீர். தே தாரிக் (இனிப்புக் கெட்டிப்பால் தேநீர்) கணக்கில் சேராது, அது முழுச் சாப்பாடு! 2021-ல் 19 பேரைச் செயற்கை நைட் ஷிப்டில் வைத்துச் சோதித்தார்கள். ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை 6.4% ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை.

மருந்துக்கடை:
அண்ணே, அதை எல்லாருக்கும் சொல்லாதீங்க. இன்சுலின் போடுறவங்க, கிளிக்லசைட் சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவங்க ராத்திரி பட்டினி கிடந்தா சர்க்கரை திடீர்னு இறங்கிடும். கிளினிக்கில் மருந்து நேரத்தை மாத்தின பிறகுதான் இதெல்லாம்.

சிப்புட்வாசி:
விடியற்காலை 6 மணிக்கே பசியாறலாமா?

நுண்ணோக்கி:
வேண்டாம். நம்ம ஊரில் 7 மணிக்கு மேல்தான் சூரியன். 6 மணிக்கு மெலட்டோனின் இன்னும் ரத்தத்தில் இருக்கும், அது இன்சுலின் சுரப்பை அமுக்கும். வீடு போய் 7.30-க்கு மேல் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, இருட்டு அறையில் படுக்கலாம். தூக்கம் வரட்டும் என்று கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம், வழியிலேயே கண் சொக்கிவிடும்.