தாத்தாவின் லீவர் ரைபிள்: துரு எடுக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். தாத்தா வைத்திருந்த வின்செஸ்டர் 1894 ரைபிள், போன வருடம் உரிமம் மாறி என் கைக்கு வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாத்தா வேட்டையை விட்டார். துடைப்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

ஆனால் அவர் போட்டது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். எங்கள் ஊர்க் குளிருக்குக் கேட்கவே வேண்டாம். தோட்டா ஏற்ற அடியில் இருக்கும் பிடியை, அதாவது லீவரை, இறக்கினால் பாதியிலேயே பிடிக்கிறது. உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி அப்பியிருக்கிறது. தோல் உறையிலேயே கிடந்ததால், பனி ஈரம் ஏறி, உறை தொட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. இப்போது உறையைக் கழற்றிவிட்டேன்.

உப்புத்தாள் போட மனசு வரவில்லை, அந்தப் பழைய கறுப்பு மெருகு போய்விடும். எண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்புக் கம்பளி போதுமா? அப்புறம், இதில் குழலைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்ய முடியாது. குழலின் முன்வாய் தேயாமல் துடைக்கும் கம்பியை எப்படி விடுகிறீர்கள்? லீவரைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த, உரிமம் உள்ள பழுதுபார்ப்பவர் ஊட்டியிலோ கோவையிலோ இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும்.