வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் மிஷின்: காட்பாடியிலிருந்து நான் இரண்டு முறை வாங்கிய கதை

வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெட் போட்டிருக்கிறேன். டேங்க் ஸ்டாண்டு, மாடிப்படி கைப்பிடி, கோழிக்கூண்டுக் கதவு என்று சில்லறை வேலைகள்தான். அதற்கு ஒரு மிஷின் வாங்கப் போய் பட்டதை எழுதுகிறேன், நம்ம பக்கம் வாங்க நினைக்கிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்.

முதல் மிஷின் வேலூரில் ஒரு கடையில் 4,500 ரூபாய். மேலே 250 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 2.5 எம்.எம். ராடு (உருகி மூட்டை ஒட்டவைக்கும் வெல்டிங் குச்சி) சுமாராக எரிந்தது, 3.15 ராடு போட்டால் பைப்போடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. கூடக் கொடுத்த கேபிள் பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. நுனியை வெட்டிச் சுரண்டிப் பார்த்தால் மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். கடையில் போய்க் கேட்டேன், வித்தது வித்ததுதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். மிஷினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனால் அவர் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. “மொதல்ல உன் லைன்ல எவ்ளோ வோல்ட் வருது, அதைப் பாருப்பா” என்றார். மே மாதம், ராத்திரி எட்டு மணி, தெரு முழுக்க ஏசி ஓடுகிறது. மல்டிமீட்டரில் 188 காட்டியது, ராடு பற்றியதும் 170க்கு இறங்கிவிட்டது. நான் வேறு இருபது மீட்டர் ஒல்லி ஒயரைச் சுருளோடு வைத்து இழுத்திருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஒயரை 4 ஸ்கொயர் எம்.எம். செம்பாக மாற்றிவிட்டு அதே மிஷினில் அதே 3.15 ராடை அடித்தேன், முன்னைக்கு எவ்வளவோ மேல். பாதிக் குற்றம்தான் மிஷினுடையது.

அதனால் இரண்டாவது தடவை வாங்கும்போது வேறு கேள்விகள் கேட்டேன். உள்ளே வரும் கரண்ட் எந்த வோல்ட் வரை இறங்கினாலும் ஓடும்? நான் எடுத்தது 160 வரை தாங்கும் என்று மிஷின் மேல் ஒட்டிய தகட்டில் போட்டிருக்கிறது. அப்புறம் டூட்டி சைக்கிள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அடிக்கலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். எந்த ஆம்பியரில் அந்த 60 என்பதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய நம்பரை முன்னால் போட்டுவிட்டு இதைச் சின்ன எழுத்தில் பின்னால் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கையும் பொதுவாக 40 டிகிரி சூட்டுக்குத்தான் போடுவார்கள். நம்ம வேலூர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் அதைவிட அதிகம் இருக்கும், ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே வைத்து வாங்குங்கள்.

பழைய செம்புக் காயில் டிரான்ஸ்பார்மர் மிஷினும் விலைக்கு வந்தது. சாகாத மிஷின், எனக்கு ஆசைதான். ஆனால் இரண்டு ஆள் தூக்க வேண்டும், அது கேட்பது 415 வோல்ட், என் வீட்டில் சிங்கிள் பேஸ்தான்.

கடைசியில் வாங்கியது 200 ஆம்பியர் ஆர்க் இன்வெர்ட்டர் (ராடு போட்டு அடிக்கும் எலக்ட்ரானிக் வெல்டிங் மிஷின்), 8,200 ரூபாய். எடை ஏழு கிலோ. ஒரே மிஷினில் எல்லா வேலையும் ஆகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ராடை மாற்றினால் முக்கால்வாசி ஆகும். சாதாரண இரும்புக்கு 6013 நம்பர் ராடு, கனமான கீல், டிரெய்லர் கொக்கி மாதிரி பாரம் தாங்குவதற்கு 7018 (ஈரம் பட்டால் வீண், சூடாக்கிக் காயவைத்துத்தான் அடிக்க வேண்டும்), எஸ்.எஸ். (துருப்பிடிக்காத இரும்பு) கைப்பிடிக்கு 308எல். மெல்லிசான 16 கேஜ் ஸ்கொயர் பைப்பில் ஓட்டை விழுந்தால் ராடு பிடிக்கும் ஹோல்டரை மைனஸில் மாட்டி, 2.5 ராடை 60, 65 ஆம்பியரில் விட்டு விட்டு அடியுங்கள். அலுமினியம் மட்டும் இதில் ஆகாது, அதற்கு ஏசி டிக் (மாறு மின்னோட்டத்தில் அடிக்கும் வேறு வகை வெல்டிங்) மிஷின் வேண்டும், விலையே வேறு.

மிச்சப் பணத்தில் தானாக இருட்டாகும் ஹெல்மெட் வாங்கினேன். அதற்கு முன் ஒரு ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்து தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

—

குடியாத்தத்திலிருந்து:

அண்ணே, நான் மிக் (ராடுக்குப் பதில் ஒயர் தானாக வரும் வெல்டிங் மிஷின்) பக்கம் போனேன். வண்டி மட்கார்டு, டூல் பாக்ஸ் என்று மெல்லிசு தகர வேலைதான் எனக்கு, ராடில் அதைச் செய்து சலித்துவிட்டது. கேஸ் சிலிண்டர் வைக்க இடம் இல்லாததால் கேஸ் இல்லாமல் அடிக்கிற, உள்ளே மருந்து வைத்த பிளக்ஸ் ஒயர், 0.8 எம்.எம். முதல் வாரம் முழுக்க கடுகு வெடிக்கிற மாதிரி பொரி தெறித்தது. ஒயர் வெளியே வரும் டார்ச்சை பிளஸில் மாட்டியிருந்திருக்கிறேன். இந்த ஒயருக்கு மைனஸில் மாட்ட வேண்டும், மாற்றியதும் அடங்கிவிட்டது. திறந்த வெளியில் காற்று அடித்தாலும் கவலை இல்லை. ஒயர் விலைதான் கடிக்கிறது.

—

சத்துவாச்சாரியிலிருந்து:

அண்ணா, நான் மாடித்தோட்ட ஸ்டாண்டு செய்து விற்கிறேன். மிஷினைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் புகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஜி.ஐ. அடித்தேன், சாயங்காலம் குளிர் காய்ச்சல், வாயெல்லாம் உலோக ருசி. மறுநாள் சரியாகிவிட்டது. மேலே இருக்கும் துத்தநாகம் எரிகிற புகைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். இப்போது மூட்டு வரும் இடத்தில் முதலில் கிரைண்டரால் பூச்சை எடுத்துவிட்டு, வெளியே வைத்துத்தான் அடிக்கிறேன். எனக்கு 3.15 ராடே தேவைப்படுவதில்லை, அப்படியும் 200 ஆம்பியர் வேண்டுமா?

—

காட்பாடி, மறுபடியும்:

ஆமாம்மா, ஜி.ஐ. விஷயத்தை நான் விட்டுவிட்டேன், நல்ல வேளை எழுதினீர்கள். 2.5 ராடு மட்டும் என்றால் 160 ஆம்பியர் மிஷின் போதும், 16 ஆம்பியர் பிளக்கிலேயே ஓடிவிடும். ஆனால் கடைக்குப் போகும்போது ஒரு துண்டு பைப்பும் நாலைந்து ராடும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயே வரிசையாக அத்தனையும் அடித்து, கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். அடித்துக் காட்ட மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம்.