கஜாவுக்குப் பிறகு அத்தை வீட்டில் 19 நாள்

பட்டுக்கோட்டைப் பக்கம்

குறைவான பொருளோடு வாழ யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு என் அத்தைதான். அவங்க எனக்கு எதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில், கல்லணைக் கால்வாயான புதாற்றுப் பாசனம், ஆனால் வயலில் பாதி எப்போதோ தென்னந்தோப்பாகிவிட்டது. விடிந்து வெளியே வந்து பார்த்தால் எங்கள் தோப்பில் நிற்கிற மரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு முந்தைய வருடம்தான் சிங்கப்பூரில் சேர்த்ததையெல்லாம் போட்டு, போதாததற்குக் கடனும் வாங்கி மாடி வீடு கட்டி முடித்திருந்தேன். வீட்டுக்குப் பெரிய சேதம் இல்லை, சன்னல் கண்ணாடி நாலு உடைந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அதில் குடியிருக்க முடியவில்லை. கரண்ட் இல்லை, அதனால் போர் மோட்டார் ஓடவில்லை, மேலே இருந்த டேங்க் இரண்டாம் நாளே காலி, கழிவறை மூன்று கட்டியிருந்தேன், மூன்றிலும் ஊற்ற ஒரு வாளித் தண்ணீர் கிடையாது. ஜெனரேட்டரை வண்டியில் கொண்டுவந்து மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மோட்டார் ஓட்டித் தந்தார்கள். அதற்கும் வரிசை.

அத்தை வீடு இரண்டு தெரு தள்ளி. ஓட்டு வீடு, பாதி ஓடு பறந்துபோயிருந்தது. மச்சானும் நானும் அன்றைக்கே தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம், மூன்றாம் நாள் உடையாத ஓடுகளைப் பொறுக்கி மறுபடி அடுக்கிவிட்டோம். கொல்லையில் ஒரு கைப்பம்பு. அந்தத் தெரு முழுக்க அதில்தான் தண்ணீர் அடித்தது. “இன்னும் எதுக்கு அத்தை இது, பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போடுங்க” என்று முன்பு சொன்னவனே நான்தான்.

நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர் என்று 19 நாள் அங்கேயே இருந்தோம். விழுந்த தென்னையின் மட்டையும் பாளையும்தான் அடுப்புக்கு. சாப்பாட்டுக்கு ஒருநாளும் குறை வரவில்லை. அத்தையிடம் ஒரு கணக்கு உண்டு: வீட்டு ஆளுக்கு வருடத்துக்கு இத்தனை கலம் நெல், வந்து போகிறவர்களுக்கு இத்தனை, விதைக்கு இத்தனை மரக்கால், அது நெல் சேமிக்கும் பத்தாயத்துக்குள் போன பிறகுதான் மிச்சம் விற்பனைக்கு. புடவைக்கும் கணக்குதான். ஆறு இருக்கும், ஏழாவது வந்தால் ஏதாவது ஒன்று யாருக்காவது போய்விடும். நான் இதையெல்லாம் கஞ்சத்தனம் என்று நினைத்து வளர்ந்தவன். கஞ்சம் பிடிக்கிறவங்க வீட்டில் அத்தனை பேர் வந்து தண்ணீர் பிடிக்க முடியுமா? அதை எனக்கு அப்போதுதான் யோசிக்கத் தோன்றியது.

ஒரு நாள் ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் கடன் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். தேங்காய் வருமானத்தை நம்பி வாங்கிய கடன், புதுக் கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாங்க.

“மாசம் எவ்வளவு தம்பி கட்டுற?”

சொன்னேன்.

“எத்தனை ரூம்ல படுக்குறீங்க?”

“ஒண்ணுலதான் அத்தை. ஏசி அதுலதானே இருக்கு.”

அத்தை மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை, திரியைக் குறைத்துவிட்டுப் படுக்கப் போயிட்டாங்க. எனக்குத்தான் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் காரை விற்றுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தேன், மாடியை வாடகைக்கு விட்டேன், மறுபடி வெளிநாடு போகிற யோசனையையும் விட்டுவிட்டேன். மனைவிக்கு முதலில் சம்மதமில்லை, சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்று பயந்தாள். பேசத்தான் செய்தார்கள், ஆறேழு மாதத்தில் அவர்களுக்கே அலுத்துவிட்டது. இப்போது சாயங்காலம் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறேன். இதற்காகத்தான் சம்பாதிக்கிறேன் என்று ஒன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று காலமான பிச்சினிக்காடு எங்களுக்குப் பக்கம்தான். அரசு வேலையை உதறிவிட்டு, மேல்சட்டையும் இல்லாமல் பச்சைத் துண்டோடு ஊர் ஊராகப் போனவர். அவர் பேச்சைக் கேட்டு மாறியவர்கள் எங்கள் பக்கம் நிறைய. எனக்குப் பேச்சு போதவில்லை, 19 நாள் தேவைப்பட்டது.

கீழ்வேளூர் பக்கம்

அண்ணா, உங்கள் அத்தையை நேரில் பார்த்தது மாதிரி இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும்.

என் அம்மாச்சி நடவு நட்டுப் பிழைத்தவங்க. எங்களுக்குப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் ஒரே குடிசைக்குள் எரித்தார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் வந்த பகை. அதன் பிறகு காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து வேலை செய்தார்கள், 1981இல் நிலமில்லாத உழவர்களுக்கான லாப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலத்தை வாங்கிப் பெண்கள் பெயரிலேயே ஏக்கர் ஏக்கராக எழுதிக் கொடுத்தார்கள். அம்மாச்சிக்கு அப்படிக் கிடைத்தது ஒரு ஏக்கர்.

என் கல்யாணத்துக்கு நகையும் பட்டும் வேண்டாம், கோயிலில் தாலி கட்டினால் போதும் என்றேன். அம்மாச்சிக்கு வந்ததே கோபம். “ஒண்ணுமில்லாம இருந்து பாத்தவ நானு. நீ எதுக்குடி இல்லாதவ மாதிரி போயி நிக்கிற?” இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. நகைக்காக அந்த ஏக்கரை அடகு வைக்க மாமா ஆள் பார்த்துவிட்டு வந்திருந்தார், அது அவங்களுக்குத் தெரியாது. கடைசியில் நான்தான் சொன்னேன். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாங்க, அப்புறம் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தாங்க. கல்யாணத்துக்கு அதைத்தான் போட்டேன்.

அவங்க வீட்டில் இப்போது ஃபேன் இருக்கிறது, இரும்புக் கட்டில் இருக்கிறது, பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த டிவியும் இருக்கிறது. எல்லாம் அறுபது வயசுக்கு மேல் அவங்க கண்ட பொருள். அதில் ஒன்றைக்கூடக் குறைத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்று நினைக்கிறேன். குறைக்க வேண்டியவள் நான், எனக்கு மாதச் சம்பளம் வருகிறது.

பட்டுக்கோட்டைப் பக்கம்

சரிதான் தங்கச்சி. எங்கள் அத்தைக்குச் சொந்த நிலம் இருந்தது, பத்தாயத்தில் நெல் இருந்தது. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் அம்மாச்சியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கைப்பம்பு எத்தனை வருடம் உழைக்கும், எங்கேயும் போடலாமா என்று கேட்டவருக்கு: உள்ளே இருக்கிற தோல் வாசரைத் தேயத் தேய மாற்றிக்கொண்டே இருந்தால் பம்பு பல வருடம் உழைக்கும். ஆனால் தண்ணீர் மட்டம் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் சாதாரணப் பம்பு இழுக்காது, ஆழத்துக்குப் போடுகிற பம்புதான் வேண்டும், முதலில் பக்கத்துக் கிணற்றில் மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் இப்போது ஒன்று போட்டுவிட்டோம். கோடையில் கொஞ்சம் மல்லுக்கட்டும், மேட்டூர் அணை திறந்து புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் சின்னவளே அடித்துப் பிடித்துவிடுவாள்.