எச்டிடிபிஎஸ் மாற்றியதும் தமிழ் முகவரிப் பக்கங்கள் மட்டும் 404 (பக்கம் இல்லை). மற்றவை நாலு தாவல் (ரீடைரெக்ட்) தாவுது. எங்கே தப்பு?

வேப்பமரம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வேர்ட்பிரஸ் தளம், அப்பாச்சி சர்வர், ஷேர்டு ஹோஸ்டிங். சுமார் 1,400 பதிவுகள், பாதிக்கு மேல் முகவரியே தமிழ் எழுத்தில். மூணு வாரம் முன்னாடி லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் போட்டு எல்லாத்தையும் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பினேன். இப்போ நிலவரம்:

முன்னாடி சிடிஎன் (பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவுல நிக்கிற இடைச் சேவை) போட்டா "டூ மெனி ரீடைரெக்ட்ஸ்" பிழை. அதைத் தற்காலிகமா எடுத்துட்டேன். எடுத்த பிறகு ஆங்கில முகவரிப் பக்கங்கள் திறக்குது, தமிழ் முகவரிகள் 404. கூகுளோட சர்ச் கன்சோல் அறிக்கையில கிளிக் பாதியாயிடுச்சு, "பேஜ் வித் ரீடைரெக்ட்" கணக்கு 1,100 தாண்டிடுச்சு.

கர்ல் கட்டளையில ஹெட்டர் மட்டும் கேட்டுப் பார்த்தது (ஒரு ஆங்கில முகவரிக்கு; 301 நிரந்தரத் திருப்பல், 302 தற்காலிகத் திருப்பல், 200 சரியா திறக்குது):

302 → எச்டிடிபி, ட்ரிபிள் டபிள்யூ உள்ளது
301 → எச்டிடிபிஎஸ், ட்ரிபிள் டபிள்யூ உள்ளது
301 → எச்டிடிபிஎஸ், ட்ரிபிள் டபிள்யூ இல்லாதது
301 → அதே முகவரி, கடைசியில் சாய்கோடு
200

சர்வர்க்காரன்

நாலு தாவலை நாலு பேர் போடுறாங்க. முதல் 302 உங்க ஹோஸ்டிங் பேனல்ல "டொமைன் ரீடைரெக்ட்" பகுதியில எப்பவோ போட்டது, தேடி நீக்குங்க. நடுவுல இருக்கிற ரெண்டும் எச்டிஅக்சஸ்ங்கிற அப்பாச்சி அமைப்புக் கோப்புல தனித்தனியா ஒட்டின விதிகள். கடைசி வேர்ட்பிரஸ் தானே போடுறது. அது தப்பில்ல. உள் இணைப்புகள்ல சாய்கோட்டோட எழுதினா அந்தத் தாவலே வராது.

கூகுள்பாட் ஒரு முகவரிக்கு 10 தாவல் வரைக்கும் பின்தொடரும், அதனால நாலுல செத்துடாது. ஆனா மொபைல்ல ஒவ்வொரு தாவலும் சர்வருக்கு ஒருமுறை போய்வர்ற நேரம்; டொமைன் மாறினா புது இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கலும் (பாதுகாப்பு இணைப்பை ஏற்படுத்துற பேச்சு) சேரும். தொடர்ல 302 இருந்தா "தற்காலிகம்"னு சொல்ற மாதிரி. பழைய முகவரியையே கூகுள் பிடிச்சு வச்சிருக்க அது ஒரு காரணமாகலாம்.

ரெண்டு விதியையும் ஒண்ணாக்குங்க. நிபந்தனை ரெண்டு: எச்டிடிபிஎஸ் ஆஃப்-ஆ இருக்கணும், அல்லது ஹோஸ்ட் பெயர் ட்ரிபிள் டபிள்யூ-ல தொடங்கணும். முதல் நிபந்தனையோட "ஆர்" (OR, அதாவது 'அல்லது') கொடி போடாம விட்டா அப்பாச்சி ரெண்டும் சேர்ந்து உண்மையாகணும்னு எடுத்துக்கும். பாதிப் பேர் தடுக்கி விழுற இடம் அது. இலக்கு: எச்டிடிபிஎஸ், ட்ரிபிள் டபிள்யூ இல்லாத டொமைன், அதுக்குப் பின்னால ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ மாறி. கேள்விக்குறிக்குப் பின்னால உள்ளது தானா ஒட்டிக்கும், நீங்க சேர்க்க வேண்டாம். இந்தத் துண்டு "பிகின் வேர்ட்பிரஸ்" வரிக்கு மேலே இருக்கணும். அந்த பிகின்-எண்ட் வரிகளுக்குள்ள எழுதினா அடுத்த முறை பெர்மாலிங்க் சேமிக்கும்போது அழிஞ்சிடும்.

சான்றிதழ்ல ட்ரிபிள் டபிள்யூ உள்ள பெயரும் இருக்கணும். டிஎல்எஸ் கைகுலுக்கல் முடிஞ்ச பிறகுதான் ரீடைரெக்டே போகும். பெயர் இல்லன்னா பார்வையாளர் எச்சரிக்கைப் பக்கத்தோட நின்னுடுவார்.

தமிழ் 404-க்கு, இப்ப இருக்கிற விதியில பாதையை எந்த மாறியிலிருந்து எடுக்கிறீங்க?

வேப்பமரம்

தி_ரிக்வெஸ்ட் அண்ணா. எங்கேயோ பார்த்து ஒட்டினது.

சர்வர்க்காரன்

அதேதான். தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-ல 3 பைட். முகவரியில அது % குறிகளோட 9 எழுத்தாகும். தி_ரிக்வெஸ்ட் உலாவி அனுப்பினதை அப்படியே, % குறிகளோட தருது. ரீடைரெக்ட் அனுப்பும்போது அப்பாச்சி அதை இன்னொரு தடவை குறியாக்கும்; % எல்லாம் %25 ஆயிடும். அந்தப் பெயர்ல பதிவே இல்ல, 404. லொகேஷன் ஹெட்டர்ல %25 தெரியுதான்னு பாருங்க, நூத்துக்கு நூறு தெரியும். ஆங்கில முகவரியில % இல்லாததால தப்பிச்சிடுது.

ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ குறிவிலக்கித் தருது, அதனால ஒரே ஒரு தடவைதான் குறியாக்கம். தி_ரிக்வெஸ்ட்டையே வச்சுக்கணும்னா "என்ஈ" (மறுபடி குறியாக்காதே) கொடி சேர்க்கணும். ஏதாவது ஒண்ணு. ரெண்டையும் கலந்தா, அதாவது ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ-யோட என்ஈ போட்டா, பச்சைத் தமிழ் பைட்டுகள் ஹெட்டர்ல போகும், அது வேற வினை.

சோதிக்கும்போது 301-க்குப் பதிலா 302 போட்டுப் பாருங்க. 301-ஐ உலாவி நினைவுல வச்சுக்கும். விதியைத் திருத்தின பிறகும் பழைய தப்பையே காட்டி உயிரை வாங்கும். சரியானதும் 301 ஆக்குங்க.

தறி

சிடிஎன் சுழலுக்கு நான் சொல்றேன். அங்கே எஸ்எஸ்எல் முறை "ஃப்ளெக்சிபிள்"னு இருக்கும். பார்வையாளருக்கும் சிடிஎன்-க்கும் நடுவுல எச்டிடிபிஎஸ், சிடிஎன்-லேருந்து உங்க சர்வருக்கு வெறும் எச்டிடிபி. உங்க விதி "இது எச்டிடிபி"னு திருப்பி அனுப்பும், சிடிஎன் மறுபடி எச்டிடிபி-யிலேயே கேட்கும். முடிவே வராது, சுமார் 20 தாவல்ல குரோம் கைவிடும். சர்வர்லதான் சான்றிதழ் இருக்கே, "ஃபுல் ஸ்ட்ரிக்ட்" ஆக்குங்க. 80-ஆம் போர்ட்டை மூடிடாதீங்க. எச்டிடிபி வழிச் சரிபார்ப்புல புதுப்பிக்க அது வேணும்.

தரவுத்தளத்துல பழைய முகவரிகளை மாத்தினீங்களா? எஸ்கியூஎல்-ல நேரடி ரீப்ளேஸ் போட்டுடாதீங்க. விட்ஜெட், தீம் அமைப்புகள் சீரியலைஸ் பண்ணி இருக்கும்: 24 எழுத்துன்னு நீளத்தைச் சொல்லிட்டு முகவரி இருக்கும். ஒரு 'எஸ்' சேர்ந்து முகவரி 25 ஆகும், எண் 24-லயே நிக்கும், அமைப்பே காணாமப் போகும். டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸ் கட்டளைவரிக் கருவி)-யோட சர்ச்-ரீப்ளேஸ் நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். முதல்ல டிரை-ரன் (எதையும் மாத்தாத ஒத்திகை). ஜியூஐடி (பதிவோட நிலையான அடையாளம்) நெடுவரிசையை விலக்குங்க, இல்லன்னா ஃபீட் வாசகர்களுக்குப் பழைய பதிவெல்லாம் புதுசா வந்து நிக்கும்.

வேப்பமரம்

மாத்தியாச்சு. எந்தப் பழைய முகவரியும் ஒரே தாவல், தமிழ்ப் பக்கங்கள் 200. சிடிஎன் திரும்பப் போட்டேன், சுழல் இல்ல. அந்த 1,100-ஐ என்ன பண்றது? "வேலிடேட் ஃபிக்ஸ்" அழுத்தவா?

தறி

தொடாதீங்க. பழைய எச்டிடிபி முகவரிகள் அந்தப் பட்டியல்லதான் இருக்கணும். திருப்பப்பட்ட பக்கம் இன்டெக்ஸ்ல இருக்காது. பார்க்க வேண்டியது அதுல எச்டிடிபிஎஸ் முகவரி ஏதாவது மாட்டியிருக்கான்னு. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் முன்னொட்டுகள் சர்ச் கன்சோலுக்கு வேற வேற சொத்து (ப்ராப்பர்ட்டி, தனித்தனிக் கணக்கு). டிஎன்எஸ்-ல டெக்ஸ்ட் பதிவு சேர்த்து "டொமைன்" சொத்தா எடுத்தா ரெண்டும் ஒரே கணக்குல தெரியும். கிளிக் "பாதியானது" பழைய சொத்தை மட்டும் பார்த்ததாலயும் இருக்கலாம். முகவரி மாற்றக் கருவி இதுக்குத் தேவையில்ல.

கனானிக்கல் வரி (பக்கத்தோட முதன்மை முகவரி இதுன்னு சொல்றது), சைட்மேப், ரெண்டுலயும் எச்டிடிபிஎஸ் இருக்கணும். கனானிக்கல் பழையதைக் காட்டினா ரீடைரெக்ட் ஒரு திசை, கனானிக்கல் எதிர்த் திசை. 301-களைக் குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருங்கன்னு கூகுளே சொல்லுது. நான் எடுக்கவே மாட்டேன். எச்டிடிபிஎஸ்-னால மட்டும் தரவரிசை ஏறும்னு காத்திருக்காதீங்க. 2014-ல அறிவிச்சப்பவே சின்ன காரணிதான்னு சொல்லிட்டாங்க.

கோடை_மழை

தாமதமா வரேன். எச்எஸ்டிஎஸ் (இனி எச்டிடிபிஎஸ்-லயே வான்னு உலாவிக்குச் சொல்ற ஹெட்டர்) போடப்போறீங்கன்னா மேக்ஸ்-ஏஜ் 300 விநாடியில தொடங்குங்க, அப்புறம் ஒரு வாரம், கடைசியில 31536000 (ஒரு வருஷம்). "இன்க்ளூட் சப்டொமைன்ஸ்" போடும் முன்னாடி சான்றிதழ் இல்லாத துணை டொமைன் எங்கேயாவது கிடக்குதான்னு பாருங்க. போட்டுட்டா அது அந்த உலாவிகள்ல திறக்கவே திறக்காது.

அப்புறம், தளத்துல கட்டணம் வாங்குறீங்களா? கேட்வேயில கொடுத்த வெப்ஹுக் முகவரி (கட்டணத் தகவலை அவங்க அனுப்புற இடம்) எச்டிடிபி-யா இருந்தா 301 வழியா போஸ்ட் (தகவலோட அனுப்புறது) பெரும்பாலும் கெட் (வெறும் கேட்பு) ஆயிடும், தகவல் வெறுமையா வரும். சில சேவைகள் ரீடைரெக்டைப் பின்தொடரவே மாட்டாங்க. 308 போட்டா போஸ்ட் போஸ்டாவே போகும், ஆனா முகவரியை அங்கேயே மாத்துறதுதான் சரி.

வேப்பமரம்

சந்தா பட்டன் ஒண்ணு இருக்கு ப்ரோ. இப்பதான் பார்க்கிறேன், எச்டிடிபி-யிலயே கிடக்கு. மாத்திட்டேன், சோதனைக் கோரிக்கைக்கு 200 வருது. எச்எஸ்டிஎஸ் இப்போதைக்கு 300.