ராத்திரி ஷட்டில் ஆடினா தூக்கம் கெடுமா? கண்ணன் சாருக்கு ஒரு கேள்வி

ஓஎம்ஆர் பாலா (செவ்வாய், இரவு 8:50)
நடைப்பயிற்சி இழையில நேத்து காலைநடை கண்ணன் சார் எழுதினது இது: "இரவு 7 மணிக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் தங்கள் தூக்கத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள், பிறகு மாத்திரை தேடி அலைகிறார்கள்." அதைப் படிச்சதுலேருந்து எரிச்சல் அடங்கல, அதான் தனி இழை. சார், சிறுசேரியில ஆபீஸ் விட்டு, சோழிங்கநல்லூர் சிக்னல்ல நின்னு, வீடு வந்து ராக்கெட் பையைத் தூக்கும்போதே எட்டாயிடுது. எங்க கோர்ட் ஸ்லாட் 8:30லிருந்து 9:30. 11 மணிக்குப் படுப்பேன். தலை சாய்ச்சதும் தூக்கம். எந்த மாத்திரையைத் தேடி நான் அலைஞ்சேன்? நாள் முழுக்க நாற்காலியில உக்காந்திருக்கறவன் கையில கிடைக்கிறதே அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் பயமுறுத்திப் பிடுங்காதீங்க.

காலைநடை கண்ணன் (இரவு 9:14)
தம்பி பாலா, கோபப்படுவதால் உண்மை மாறாது. 2025ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 14,689 பேர், ஓராண்டு, ஏறக்குறைய 40 லட்சம் இரவுகள். மணிக்கட்டில் கட்டிய கருவி எடுத்த கணக்கு. தூங்கப் போவதற்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் கடும் பயிற்சி செய்தவர்களுக்குத் தூக்கம் தாமதமாக வந்தது, தூங்கிய நேரம் குறைந்தது, தூக்கத்திலும் இதயத்துடிப்பு கூடுதலாகவே இருந்தது. 11 மணியில் 4 மணி நேரத்தைக் கழித்தால் 7. நான் சொன்னதும் 7.

ஓஎம்ஆர் பாலா (இரவு 9:21)
4 மணி நேரமா? சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகம் என்ன சொன்னதுன்னு படிச்சீங்களா? ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழ், 2019. ஏற்கெனவே வந்த 23 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்தாங்க. நீங்க சொல்ற அதே 4 மணி நேரத்துக்குள்ள பயிற்சியை முடிச்சவங்களைத்தான் எடுத்துக்கிட்டாங்க. பொதுவா தூக்கம் கெடல, ஆழ்ந்த தூக்கம் கொஞ்சம் கூடவே செஞ்சிருக்கு. சிக்கல் வந்தது ஒரே இடத்துல: கடும் பயிற்சியைப் படுக்கறதுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சா மட்டும். ஒரு மணி நேரம். நான் முடிக்கிறது 9:30, படுக்கிறது 11.

திருச்சி தேவி (இரவு 9:40)
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. மொனாஷ் ஆய்வு கடும் பயிற்சியைப் பத்தித்தான் எச்சரிக்குது. கால்பந்து, நீண்ட ஓட்டம், மூச்சு வாங்க வைக்கிற இடைவெளிப் பயிற்சி, இதெல்லாம். லேசா ஓடறது, நிதானமா நீந்தறது மாதிரி லேசான பயிற்சியை அந்த 4 மணி நேரத்துக்குள்ளயும் செய்யலாம்னு அவங்களே சொல்றாங்க. கண்ணன் சார் "உடற்பயிற்சி"ன்னு மொத்தமா எழுதிட்டார். பாலா, உங்க டபுள்ஸ் கடுமையா, மிதமா? அதைச் சொல்லாம நாலா ஒண்ணான்னு அடிச்சுக்கிட்டா எப்படி?

ஓஎம்ஆர் பாலா (இரவு 9:44)
தேவி மேடம், நன்றி. கண்ணன் சார், ஒரு மணி நேரம்னு எழுதியிருக்கே, அதுக்குப் பதில் சொல்லுங்க.

காலைநடை கண்ணன் (இரவு 9:58)
அந்த 23 ஆய்வுகளும் சின்னச் சின்னவை. ஆய்வுக்கூடத்தில் ஆரோக்கியமான சில பேரைப் படுக்கவைத்து ஓரிரு இரவு பார்த்த கணக்கு. இதுவோ 40 லட்சம் இரவு, அவரவர் வீட்டில், அவரவர் கட்டிலில். எதற்கு எடை அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள். காரணமும் தெளிவு. தூக்கம் வர வேண்டுமென்றால் உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். ஓடி ஆடிவிட்டு வந்தால் அது ஏறியிருக்கும், இதயம் படபடக்கும், அட்ரினலின் ஓடும். அடங்க 4 மணி நேரம் வேண்டும்.

ஜிம் கார்த்தி (இரவு 10:05)
அண்ணே, ஜிம்முக்கும் இதே ரூல்தானா? நான் 8 மணிக்கு ப்ரீ ஒர்க்கவுட் பவுடர் அடிச்சிட்டுப் போவேன். 9:30க்கு முடிச்சாலும் 1 மணி வரைக்கும் தூக்கம் வர்றதில்ல. கண்ணன் சார் சொல்றது கரெக்ட்னுதான் தோணுது.

ஓஎம்ஆர் பாலா (இரவு 10:09)
தம்பி, நீ கெடுத்தியே! அந்த டப்பாவைத் திருப்பிப் பாரு. பல பவுடர்கள்ல ஒரு ஸ்கூப்புக்கு 150லிருந்து 300 மில்லிகிராம் காஃபின் இருக்கும். அதுல பாதி உடம்பை விட்டு இறங்கவே அஞ்சு மணி நேரம் ஆகும். 8 மணிக்குக் குடிச்சா ராத்திரி 1 மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கு. டம்ளர் டம்ளரா காபியைக் குடிச்சிட்டு பெஞ்ச் பிரஸ் தூக்கத்தைக் கெடுத்ததுன்னு வந்து சொல்றே. உன்ன மாதிரி ஆளுங்களையும் சேர்த்து எண்ணினாத்தான் 4 மணி நேரம்னு கணக்கு வரும்.

ஜிம் கார்த்தி (இரவு 10:12)
நான் சும்மா கேட்டேன், அதுக்கு ஏன் ப்ரோ கத்துறீங்க? ஷட்டில் முடிச்சிட்டு நீங்க பரோட்டா சாப்பிட்ட படத்தை போன வாரம் நீங்களேதான் இங்க போட்டீங்க.

ஓஎம்ஆர் பாலா (இரவு 10:13)
அது சனிக்கிழமை. இந்தப் பேச்சுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

காலைநடை கண்ணன் (இரவு 10:20)
ஆக, தூக்கம் வராத ஓர் இளைஞரே சாட்சி சொல்லிவிட்டார். இதற்குத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன், விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து நடங்கள். காற்று சுத்தம், சாலை காலி, இரவு படுத்தால் தூக்கம். மனம் இருந்தால் நேரம் தானாகக் கிடைக்கும்.

திருச்சி தேவி (இரவு 10:31)
சார், ஐந்தரைக்கு என் வீட்டு அடுப்புல ரெண்டு பாத்திரம் ஏறியிருக்கும். ஒரு பக்கம் இட்லி, இன்னொரு பக்கம் மூணு டிபன் பாக்ஸுக்கு வேண்டிய சாதம். ஏழே காலுக்கு ஸ்கூல் வேன். நீங்க நடந்துட்டு வர்றப்ப காபி போட்டு வைக்க யாராவது வீட்டுல இருக்காங்க இல்லையா, அவங்க எத்தனை மணிக்கு நடக்கறாங்கன்னு கேட்டீங்களா? என்னை மாதிரி பெண்களுக்குக் கிடைக்கிறதே ராத்திரி எட்டரைக்கு மேல மொட்டை மாடியில அரை மணி நேரம். அதையும் தப்புன்னு சொன்னா எங்களுக்கு எந்த நேரம்தான் சரி? நான் முதல்ல கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் வரல.

காலைநடை கண்ணன் (இரவு 10:38)
அம்மா, என் வீட்டுக் காபி இங்கே எதற்கு? நான் பேசுவது அறிவியல்.

ஓஎம்ஆர் பாலா (இரவு 10:40)
அறிவியல்னா ஒரு மணி நேரத்துக்குப் பதில் சொல்லுங்க சார். சூரிச் 23 ஆய்வு. இன்னொண்ணும் சொல்றேன். 2013ல அமெரிக்காவுல தேசியத் தூக்க அறக்கட்டளை 1,000 பேர்கிட்ட கருத்துக்கணிப்பு எடுத்துச்சு. நல்லாத் தூங்கறவங்க எந்த நேரத்துலயும் உடற்பயிற்சி செய்யலாம், தூங்கற நேரத்தைத் தின்னாம இருந்தாப் போதும்னு தங்களோட அறிவுரையையே மாத்திக்கிட்டாங்க.

காலைநடை கண்ணன் (இரவு 10:47)
கேட்டு எழுதிய கணக்கு. "நன்றாகத் தூங்கினேன்" என்று சொல்வதற்கு என்ன செலவு? நீங்களும் அதையே சொல்கிறீர்கள். கருவி கட்டிப் பார்த்த மொனாஷ் ஆய்வைப் பாருங்கள். தூங்கும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பு உச்சகட்டப் பயிற்சியை முடித்தவர்களுக்கு, லேசாகச் செய்தவர்களைவிட 36 நிமிடம் தாமதமாகத் தூக்கம் வந்திருக்கிறது. 36 நிமிடம்! நீங்கள் முடிப்பதோ ஒன்றரை மணி நேரம் முன்பு.

ஓஎம்ஆர் பாலா (இரவு 10:55)
அந்த 36 நிமிஷம் உச்சகட்டப் பயிற்சிக்கு. நாங்க ஆடறது டபுள்ஸ். பாதி நேரம் காக் பொறுக்கறதுலயே போயிடும். அந்தக் கருவியைக் காசு கட்டி வாங்கி வருஷம் பூரா கையில மாட்டிக்கிட்டுத் திரியறவங்க யாரு? உடம்பைப் பத்தியே நினைச்சுக்கிட்டு இருக்கறவங்க. அந்தக் கூட்டம் மொத்த ஊராயிடுமா? அதோட, லேட்டா ஆடினதாலதான் லேட்டா தூங்கினாங்களா, இல்ல அன்னிக்கு வேலை இழுத்துட்டதால ஆட்டமும் தூக்கமும் ரெண்டுமே தள்ளிப்போச்சா? கருவிக்கு அது தெரியாது. ஆய்வுக்கூடத்துல அதைப் பிரிச்சுப் பார்க்கலாம். அதனாலதான் சொல்றேன், ஒரு மணி நேரம்.

கோவை நைட் டூட்டி (இரவு 11:06)
நான் நர்ஸ். எங்களுக்கு ராத்திரி எது, பகல் எதுன்னே தெரியாது, இருந்தாலும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். சாயங்காலம் 7 மணியிலிருந்து 10 மணி வரைக்கும் பயிற்சி செஞ்சா உடம்புக் கடிகாரமே பின்னால தள்ளிப்போகுது, அதாவது தூக்கம் வர்ற நேரம் லேட்டாகுதுன்னு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. காலை 7 மணிக்கும், மதியம் 1லிருந்து 4 மணிக்குள்ளயும் செஞ்சா முன்னால வருதாம். எனக்கு ராத்திரி டூட்டிக்குக் கடிகாரம் தள்ளிப்போனாத்தான் நல்லது. காலை டூட்டிக்குப் போறவங்களுக்கு அதுவே தலைவலி. ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம் பாலா, ஆட்டம் முடிச்சு வந்து ஜில்லுனு குளிக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணில குளிச்சா தோலுக்கு ரத்தம் ஓடி உள்சூடு வெளியேறும். படுக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி குளிச்சா சீக்கிரம் தூக்கம் வரும்.

ஓஎம்ஆர் பாலா (இரவு 11:10)
சிஸ்டர், சென்னையில மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு வெந்நீர்லயா? எங்க வீட்டு மாடித் தொட்டியில தண்ணி அப்பவும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். கண்ணன் சார், உங்க உள்வெப்பக் கதைக்கும் இதுல பதில் இருக்கு பாருங்க. ஏறின சூடு சீக்கிரமே இறங்க ஆரம்பிக்கும், இறங்கறப்பத்தான் தூக்கம் வரும். 9:30க்கு முடிச்சா 11 மணிக்கு இறங்கிட்டிருக்கும்.

காலைநடை கண்ணன் (இரவு 11:19)
நர்ஸ் அம்மையார் சொன்னதைக் கவனித்தீர்களா? 7 மணி முதல் 10 மணி வரை. நான் சொன்ன 7 மணி இன்னொரு ஆய்விலும் வந்துவிட்டது.

கோவை நைட் டூட்டி (இரவு 11:21)
சார், நான் ஆளுக்கு ஆள் மாறும்னுதான் சொன்னேன்.

காலைநடை கண்ணன் (இரவு 11:34)
இன்னொன்றையும் எல்லோரும் பாருங்கள். 11 மணிக்குத் தலை சாய்த்ததும் தூங்கிவிடுவேன் என்று சொன்னவர், மணி 11:10க்கு வெந்நீரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். இதைவிட வேறு ஆதாரம் தேவையா?

ஓஎம்ஆர் பாலா (இரவு 11:37)
அதைத்தான் நானும் சொல்றேன்! இன்னிக்கு டபுள்ஸுக்கு ஆள் சேரல, ஸ்லாட்டை கேன்சல் பண்ணிட்டோம். முதல் பதிவை 8:50க்குப் போட்டிருக்கேன், அந்நேரத்துக்குக் கோர்ட்லயா இருந்தேன்? ஆடாத ராத்திரியிலதான் இப்படி முழிச்சுக் கிடக்கேன். ஆடினா இந்நேரம் குறட்டை. இது எந்தப் பக்கத்துக்கு ஆதாரம்னு நீங்களே சொல்லுங்க சார். சரி, 11:34க்கு நீங்க ஏன் முழிச்சிருக்கீங்க? காலையில ஐந்தரைக்கு எழுந்திருக்கணுமே?

ஜிம் கார்த்தி (இரவு 11:41)
செம கேள்வி.

காலைநடை கண்ணன் (இரவு 11:46)
வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசப் பழகுங்கள். போன வருடம் முட்டை மஞ்சள் கரு விவாதத்திலும் இதே தொனியில்தான் பேசினீர்கள். கடைசி வரை என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஓஎம்ஆர் பாலா (இரவு 11:50)
மஞ்சள் கருவுக்கு நான் நாலு பதிவு போட்டேன், நீங்கதான் படிக்கல. தேடி எடுத்துப் போடட்டுமா?

திருச்சி தேவி (இரவு 11:55)
மஞ்சள் கருவை விடுங்க. லேசான பயிற்சியா, கடும் பயிற்சியா? மூணாவது முறையாக் கேக்கறேன். நாளைக்கு ராத்திரி நான் மாடியில நடக்கலாமா கூடாதா, அதையாவது ஒருத்தர் சொல்லுங்க. இவங்க எழுதறதைப் பார்த்துட்டு என் மாமியார் இப்பவே "பாத்தியா, ராத்திரி நடக்கக் கூடாதாம்"னு ஆரம்பிச்சிட்டாங்க.

காலைநடை கண்ணன் (நள்ளிரவு 12:03)
4 மணி நேரத்துக்கு முன்பு முடித்துவிட்டால் யாரும் எதுவும் செய்யலாம்.

ஓஎம்ஆர் பாலா (நள்ளிரவு 12:04)
ஒரு மணி நேரம் சார். ஒரு மணி நேரம். முட்டை இழையோட லிங்க் எடுத்துட்டேன், கீழே போடறேன். 3வது பதிவுலேருந்து படிங்க.