மழையில் வால் ஆட்டும் பிக்அப்: எச்4 போட்டு ஓட்டலாமா?

பீடோர்_பிக்அப்:
வணக்கம். 2016 மாடல் டீசல் பிக்அப், மேனுவல் கியர், எச்2 (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்), எச்4 (நாலு சக்கரமும்), எல்4 (நாலு சக்கரமும், மெதுவா) உள்ள பார்ட்-டைம் ஃபோர்-வீல். மலேசியாவுல பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு உரம் ஏத்திப் போகும், திரும்பும்போது வெறும் வண்டி. சாயங்கால மழையில பாமாயில் ஃபேக்டரி ரோட்டு வளைவுல 50 கிலோமீட்டர்லகூட பின்பக்கம் விலகுது. உரம் இருந்தா விலகறதில்ல. டயர் பூ (தடப்பள்ளத்தோட ஆழம்) 3 மி.மீ. இருக்கு. பாரத்துக்காகப் பின்னால கூடுதலா ரெண்டு ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கு.

தார் ரோட்ல மழைன்னா எச்4 போடலாமா? மணல் மூட்டை வச்சா உதவுமா? இன்னொன்னு: தம்பி ஜூன்ல நியூசிலாந்து தென்தீவுக்குப் பால்பண்ணை வேலைக்குப் போறான், அங்கேயும் பிக்அப்தான். உறைபனியில எப்படி ஓட்டணும்?

அச்சாணி:
வெறும் பிக்அப்ல எடையெல்லாம் முன்னால இன்ஜின் பக்கம். பின் பட்டைகள் ஏறக்குறைய ஒரு டன் தாங்கச் செஞ்சது. பெட்டி காலியா இருந்தா அதுங்க வளையாது, சின்ன மேடு வந்தாலே டயர் துள்ளும். துள்ளுற டயருக்கு ஏது பிடி? நீங்க அதுல இன்னும் ரெண்டு பட்டை சேர்த்திருக்கீங்க. என் பார்வையில முதல் குற்றவாளி அதுதான்.

எச்4 விஷயம். பார்ட்-டைம் வண்டியில நடு டிஃபரன்ஷியல் (முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) கிடையாது. வளைவுல முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும், ஆனா ரெண்டும் ஒண்ணாக் கட்டிப் போட்ட மாதிரி சுத்தும். காய்ஞ்ச தார்ல கியர்பெட்டி முறுக்கிக்கும், டயர் தேயும். மழையில சேறு படிஞ்ச நீளமான ரோட்ல போடலாம். ரவுண்டபவுட், பெட்ரோல் ஸ்டேஷன் மாதிரி ஒடிச்சுத் திருப்பற இடத்துல எச்2-க்கு மாத்திடுங்க. மிட்சுபிஷி ட்ரைட்டன் பிக்அப்ல சூப்பர் செலக்ட்ங்கிற ஃபோர்-வீல் அமைப்பு உள்ள மாடலுக்கு நடு டிஃபரன்ஷியல் இருக்கு, அதுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்ல. ஆனா எந்த வண்டியா இருந்தாலும் எச்4 வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் தூரம் ஒரு அடிகூடக் குறையாது.

மணல் வைக்கலாம். 25 கிலோ மூட்டை நாலு போதும். பின் ஆக்சிலுக்கு நேர் மேல, இல்லன்னா கொஞ்சம் கேபின் பக்கமா வச்சு, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்க. பின்கதவை ஒட்டி வச்சா மூக்கு தூக்கிக்கும், ஸ்டியரிங் லேசாயிடும். கட்டாம வச்சா, அவசர பிரேக்ல நூறு கிலோவும் கேபின் முதுகுலதான் வந்து மோதும்.

இன்னொரு பழக்கத்தையும் பாருங்க. வளைவுக்குள்ள நுழைஞ்ச பிறகு நாலாவதுலேர்ந்து ரெண்டாவதுக்கு இறக்கி கிளட்சைப் பட்டுன்னு விட்டா, டீசல் இன்ஜின் பின்சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கும். ஹேண்ட்பிரேக் போட்ட மாதிரிதான். கியரை நேர் ரோட்லயே இறக்கிடுங்க. அப்படியும் வால் விலகினா பிரேக்கைத் தொடாதீங்க. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்து, கிளட்சை மிதிச்சு, வால் போற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்க. வண்டி நேராகத் தொடங்கின உடனே ஸ்டியரிங்கையும் நேராக்கணும். தாமதிச்சா அடுத்த பக்கம் வீசும்.

காற்றழுத்தம்:
3 மி.மீ. சட்டப்படி சரிதான், குறைந்தபட்சம் 1.6. ஆனால் நம் ஊர் மழைக்கு 3 மி.மீ. என்பது மாற்ற வேண்டிய கட்டம். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பூ நன்றாக இருந்தும் ரப்பர் கல்லாகிப்போன டயர்கள் தோட்டத்து வண்டிகளில் நிறைய ஓடுகின்றன. இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்னால்தான் போக வேண்டும். முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், பின்டயர் வழுக்கினால் சுற்றிவிடும்.

காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்று சிலர் சொல்வது செம்மண் சேற்றுக்குப் பொருந்தும், தார்ச்சாலைக்கு அல்ல. டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 240 கிலோபாஸ்கல் காற்றுக்குச் சுமார் 98 கி.மீ., 200-க்குச் சுமார் 90. பூ தேய்ந்த டயர், தேங்கிய தண்ணீர் என்றால் ஏறக்குறைய இந்த வேகம்தான். ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்கும் பாரத்துக்கும் தனித்தனி அளவு இருந்தால் அதன்படி வையுங்கள்.

ஃபேக்டரி ரோடு தனி ரகம். லோரி டயர் கொண்டுவரும் செம்மண், சிந்திய எண்ணெய், தூசி மூன்றும் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சோப்பு மாதிரி ஆகிவிடும். பிறகு மழை வலுத்துக் கழுவிவிட்டால் அதே வளைவு பரவாயில்லை. க்ரூஸ் கண்ட்ரோல் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஓடும்போது ஹசார்ட் விளக்கும் வேண்டாம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்றே பின்னால் வருபவருக்குத் தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

தெற்குக்காற்று:
தம்பிக்கு. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டணும், ஆனா ஜூன், ஜூலை, ஆகஸ்டு குளிர்காலம். ஆபத்து வெள்ளைப் பனியில இல்ல, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலத்துல. ரோடு வெறும் ஈரமா மினுங்கும், முன்னால போற வண்டி டயர்லேர்ந்து தண்ணி தெறிக்காது. அப்படித் தெரிஞ்சா அது தண்ணி இல்ல, ஐஸ். பாலத்துல கீழேயும் காத்து படுறதால அதுதான் முதல்ல உறையும். மலை நிழல் விழுற வளைவுல மத்தியானம் வரைக்கும்கூட உருகாது. மீட்டர்ல 3 டிகிரி காட்டினாலே உஷாராகணும்.

ஐஸ்ல நிக்கிற தூரம் காய்ஞ்ச ரோட்டைவிடப் பத்து மடங்குகூட ஆகலாம். டயருக்குப் பனிச் சங்கிலி மாட்டச் சொல்லி போர்டு இருந்தா, எச்2-ல ஓடுற வண்டிக்குப் பின்சக்கரத்துல மாட்டணும். ஃபோர்-வீல்னா வண்டிப் புத்தகத்தைப் பாருங்க. ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல ஒரு தடவை மாட்டிப் பழகணும். விரல் மரத்துப்போன பிறகு கத்துக்கிற வேலையில்ல அது.

இங்க ரேடியேட்டர்ல பைப் தண்ணி ஊத்துற பழக்கத்தை இங்கேயே விட்டுடணும். உறைஞ்சா விரிஞ்சு இன்ஜின் பிளாக்கையே பிளக்கும். கூலண்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி. ராத்திரி ஹேண்ட்பிரேக் கேபிள் உறைஞ்சு பிடிச்சுக்கும், அதனால சமதரையில கியர்ல போட்டு நிறுத்தணும். கண்ணாடியில சுடுதண்ணி ஊத்தினா விரிசல்தான்.

பீடோர்_பிக்அப்:
நன்றி அண்ணா. பட்டையைக் கழட்டினா பாரத்துல பின்பக்கம் உட்காருதே?

அச்சாணி:
ஒண்ணை மட்டும் கழட்டிப் பாருங்க. அதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. பின் ஆக்சிலுக்கு மேல, சேசிஸ்ல பிரேக் பைப் வந்து சேர்ற ஒரு இரும்பு வால்வு இருக்கும், அதுலேர்ந்து ஒரு கம்பி ஆக்சிலுக்கு இறங்கும். பெட்டி தாழ்ந்தா பாரம் இருக்குன்னு எடுத்துக்கிட்டு, அது பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டிக் கொடுக்கும். கூடுதல் பட்டை போட்டதால உரம் ஏத்தினாலும் பெட்டி தாழாது. வால்வு வெறும் வண்டின்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சே வச்சிருக்கும். புது வண்டிகள் பலதுல இந்த வேலையை ஏ.பி.எஸ். பெட்டியே பார்த்துக்கும், கம்பி இருக்காது. இருந்தா, பட்டையை மாத்தின அன்னைக்கே ஒர்க்‌ஷாப்ல கம்பி நீளத்தைப் புத்தக அளவுக்குச் சரிபண்ணச் சொல்லுங்க.