தேறுதலா, மீட்சியா? செயற்கை வட்டுக் கையேட்டுக்கான சொற்கள்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

கீழ்முதுகில் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் கெட்டுப்போய், அதற்குப் பதிலாகச் செயற்கை வட்டு பொருத்திக்கொள்கிறவர்களுக்கான கையேட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்து, தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். "நோயாளியின் மீட்சியைப் பாதிக்கும் காரணிகள்" என்பது முதல் வரைவு. இதற்கான சொற்களைப் பற்றி நீங்கள் எல்லோரும் எழுதிய இந்த மடல் இழையை முழுதாகப் படித்த பிறகு, அந்த வரியில் ஒரு சொல்கூட தேறாது போலிருக்கிறது.

முதலில், 'டிஸ்க்' என்பதற்குத் தட்டா வட்டா என்ற வழக்கு. 'இடைத்தட்டு' போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். இயற்கையான உறுப்புக்குச் சரிதான். ஆனால் பொருத்தப்படும் கருவியைப் பாருங்கள். மேலே ஓர் உலோகத் தட்டு, கீழே ஓர் உலோகத் தட்டு, நடுவில் வழுக்கி நகரும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வில்லை. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் உருவாகி 1984இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட கருவியே இந்த அமைப்புதான். (அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான காரின் பூட்னர்-யான்ஸ், 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்றவர். முதுகெலும்பு வளைவதன் அருமை தெரிந்தவர்!) 'செயற்கைத் தட்டின் மேல்தட்டு' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. ஆகவே என் ஓட்டு வட்டுக்கு. 'ஜவ்வு' எல்லோருக்கும் தெரியும், ஆனால் முழங்காலில் கிழிவதும் ஜவ்வுதான்.

அடுத்து 'பாதிக்கும்'. தமிழில் பாதிப்பு என்றாலே கெடுதல். அறுவைக்கு மறுநாளே எழுந்து நடப்பது நல்லது என்று சொல்லும் கையேட்டில், நடைப்பயிற்சியைப் 'பாதிக்கும் காரணி' என்று போட்டால் படிப்பவர் படுத்தே கிடப்பார். 'தேறுதல் எவற்றைப் பொறுத்தது' என்று நேராகக் கேட்டுவிடலாமே.

மீட்சி ஏன் வேண்டாம்? அதில் விடுதலை, கடைத்தேற்றம் என்ற வாடை அடிக்கிறது. நாம் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? புண் ஆறுகிறது, எலும்பு கூடுகிறது, வலி தணிகிறது, ஆள் தேறுகிறார். இந்த நான்கையும் ஒரே சொல்லில் அடைத்தால் மருத்துவமே குழம்பிவிடும். வயிற்றுத் தையல் ஆறியதும் ஆள் தேறிவிட்டதாக அர்த்தமில்லை. ஆம், வயிற்றில்தான் தையல். குடலையும் பெரிய ரத்தக் குழாய்களையும் ஒதுக்கிவிட்டு முன்பக்கமாகத்தான் வட்டைப் பொருத்துகிறார்கள். அப்போது முள்ளெலும்புகளை முன்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் நாரும் வெட்டப்படுவதால், முதல் சில வாரங்கள் பின்னால் வளையக் கூடாது. 'முதுகு அறுவை' என்று மட்டும் எழுதினால் இந்த எச்சரிக்கை ஏன் என்று யாருக்கும் புரியாது.

எலும்பு 'கூடுவது' பற்றியும் ஒன்று. முள்ளெலும்புகளைப் பிணைக்கும் அறுவையில் இரண்டு எலும்பும் ஒன்றாகக் கூட வேண்டும். புகைபிடிப்பது அதற்குப் பெரிய தடை. வட்டு மாற்றும் அறுவையில் அவை ஒன்றாகிவிடக் கூடாது; ஆனால் உலோகத் தட்டின் சொரசொரப்பான பரப்பை எலும்பு பற்ற வேண்டும். இதற்கு இழையில் அக்கா ஒருவர் 'எலும்புப் பிடிப்பு' என்றார். இடுப்புப் பிடிப்புக்காக மருத்துவரிடம் போனவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? 'எலும்புப் பற்று' என்று வைத்துக்கொள்வோம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு இந்தப் பற்று வலுவாக அமையாது, தட்டு எலும்புக்குள் அமிழ்ந்துவிடலாம்.

தேறுதல் பொறுத்திருக்கும் மற்றவற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை. முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் வட்டை மாற்றினாலும் வலி தீரும் என்று சொல்ல முடியாது. வட்டு நட்டநடுவில் உட்கார்ந்ததா என்பதும் முக்கியம். நீண்ட நாள் வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், முன்பே வலிக்கு ஓபியாய்டு (அபின் வகை) மாத்திரைகளில் பழகியவர்கள் தேறுவதற்குக் கூடுதல் காலம் பிடிப்பதுண்டு.

கடைசியாக ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. குனிந்தால் வட்டு நழுவிவிடுமோ என்று பயந்து, மருத்துவர் அனுமதித்த பிறகும் அசையாமலேயே இருப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்குத் தம்பி ஒருவர் 'அசைவச்சம்' என்று அனுப்பியிருந்தார். எனக்கு அது கறிக்குழம்பைக் கண்டு பயப்படுவது போல ஒலிக்கிறது. 'இயக்க அச்சம்' என்றால் அரசியலாகிவிடுகிறது. இப்போதைக்கு 'அசையப் பயம்' என்றே எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் மடலிடுங்கள்.